ஒன்பது மணிக்கு சார்ஜ்

ஜாக்கெட்டின் உள்பையில் பேட்டரி இருந்தது 'அறிவிப்பு' சாருக்கு நினைவு வந்தபோது, வாஷிங் மெஷின் அதை ஏழெட்டுத் தடவை புரட்டிப் போட்டிருந்தது.

"என்னங்க, மெஷினுக்குள்ள செங்கல்லப் போட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒரே ஒரு ஜாக்கெட்டுதான் போட்டேன்."

"ஜாக்கெட்டு இப்படித் தொம்மு தொம்முன்னு இடிக்குமா?"

அறிவிப்பு பாய்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை திறப்பதில்லை என்பதில் அந்த மெஷின் பிடிவாதமாக இருந்தது. கண்ணாடி வட்டத்துக்குள், நுரைக்கு நடுவே, மேனேஜரின் ஜாக்கெட் ஒரு கையைத் தூக்கியபடி கிடந்தது.

அறிவிப்பு என்பது அவருடைய பெயரல்ல. மீனையும் பட்டாணியையும் கல்லாக உறையவைத்துப் பாதுகாக்கும் ஒரு குளிர்கிடங்கில் அவர் இருப்பு மேற்பார்வையாளர். அந்தக் கிடங்குச் சுவர்களில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்புகள் நாற்பத்து மூன்று. 'கதவை மூடவும்' என்று ஒன்று. அதற்குக் கீழே, 'மூடிய கதவைத் திறந்து வைக்க வேண்டாம்' என்று இன்னொன்று. குழாய்க்கு மேலே, 'இது குழாய்.' யாரும் எதையும் படிப்பதில்லை. "படிக்கிறதுக்குத்தானே எழுதி ஒட்டியிருக்கேன்? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று அவர் தினமும் ஒருவரிடமாவது கத்துவார். அதனால் வந்த பெயர் அது.

அப்படிப்பட்டவர் மற்றவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பார் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. வீட்டில் வாங்கிய எந்தப் பொருளின் கையேட்டையும் அவர் பிரித்ததில்லை. மிக்ஸியோடு வந்த கையேடு சாப்பாட்டு மேஜையின் ஒரு காலுக்கு அடியில் ஐந்து வருடமாக நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது.

ஜாக்கெட் வந்த கதை இதுதான். மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. கிடங்கில் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். உறைபனி அறைக்குள் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் கூசும் என்பதால், இருபது வருடப் பழக்கத்தில் அவர் பேச்சு சொல் சொல்லாகச் சுருங்கிவிட்டிருந்தது. "மீன். நாலாம் ரூம். ஐஸ்" என்பார். நான்காம் அறையில் மீன் பெட்டிகள் மேல் ஐஸ் கட்டியிருக்கிறது, போய்ச் சுரண்டு என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தந்தி போனபின் அவருடைய கண்ணாடி அறை நாற்காலி யாருக்கு என்பதுதான் கிடங்கு முழுக்கப் பேச்சு. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பதினொரு வருடமாகக் காத்திருக்கும் அறிவிப்பு. இன்னொருவர் பேக்கிங் பிரிவின் 'சிரிப்பு.' மேலதிகாரி நகைச்சுவையாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று தெரிந்தாலே சிரிப்பு சிரிக்க ஆரம்பித்துவிடுவார். "மீன்" என்று தந்தி சொன்னதற்கே ஒருமுறை கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார். அந்த நாற்காலி தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, சிரிப்புக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று அறிவிப்பு வெளியே சொல்வார். உள்ளுக்குள், தனக்குக் கிடைக்காவிட்டால் தாங்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை தந்தி அவரைக் கூப்பிட்டார். தன் ஜாக்கெட்டை மடித்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் அது. முதுகிலும் மார்பிலும் காலரிலும் உள்ளே மெல்லிய கம்பிகள் ஓடும். மார்பில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ஐந்து நிமிடத்தில் உடம்பு கதகதவென்று ஆகிவிடும். மற்றவர்கள் மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி நடக்கும் அந்தக் கிடங்கில், அப்படி ஒரு ஜாக்கெட் ஒன்றே ஒன்றுதான்.

"ஜாக்கெட்" என்றார் தந்தி. "திங்கக்கிழமை. ஒம்போது மணி. சார்ஜ்."

"சரிங்க சார்."

தந்தி அவர் தோளில் தட்டினார். பதினொரு வருடத்தில் அந்தத் தோளில் விழுந்த முதல் தட்டு அது.

கேட்டைத் தாண்டும்போது இன்னொரு அதிசயம் நடந்தது. யாரைப் பார்த்தும் நாற்காலியை விட்டு அசையாத வாட்ச்மேன், அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் விறைப்பாக எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். ஜாக்கெட்டுக்கே இவ்வளவு மரியாதையா என்று அறிவிப்பு வியந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தந்தி இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைசித் தடவையாக அவர்களுக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டுவார். அப்போது, 'உங்கள் இடத்துக்கு யார்?' என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் ஜாக்கெட் சூடாக இருந்தால் மனசும் இளகும். சார்ஜ் போட்டுக் கொடுப்பதை எந்த முட்டாளும் செய்துவிடுவான். துவைத்தும் கொடுத்தால்? அதில் லேசாக மீன் வாடை வேறு அடித்தது.

அப்படித்தான் சனிக்கிழமை காலையில் ஜாக்கெட் மெஷினுக்குள் போனது.

ஒருவழியாகக் கதவு திறந்ததும் அறிவிப்பு உள்பையிலிருந்து பேட்டரியை எடுத்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இன்னொரு பையில் கைவிட்ட மனைவி, பிசைந்த மாவு மாதிரி ஒரு காகித உருண்டையை எடுத்தாள்.

"இது என்னங்க?"

"ஏதோ காகிதம்."

அவள் அதைப் பொறுமையாகப் பிரித்தாள். ஒரே ஒரு பக்கம் பிழைத்திருந்தது. உரக்கப் படித்தாள். "துவைக்கும் முன் பேட்டரியையும் இந்தக் கையேட்டையும் பையிலிருந்து வெளியே எடுக்கவும்."

அறிவிப்பு பேட்டரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிறதுக்குத்தானே எழுதி வச்சிருக்கான்? கண்ணு எதுக்கு இருக்கு?" என்றாள் மனைவி. குரல்கூட அப்படியே அவருடையது மாதிரி இருந்தது.

"சரி சரி. சார்ஜர்ல சொருகிப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

"கையை எடுங்க! நனைஞ்ச பேட்டரியை யாராவது கரண்டுல சொருகுவாங்களா? என் தம்பி வரட்டும்."

அவளுடைய தம்பி செல்போன் பழுது பார்க்கிறவன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். அதற்குள் அறிவிப்பு தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து, பேட்டரிக்குப் பத்து நிமிடம் சுடச்சுடக் காற்று காட்டியிருந்தார். மச்சினன் பேட்டரியைக் கையில் எடுக்காமல், குனிந்து, பக்கவாட்டில் பார்த்தான்.

"மாமா, இதுக்குத் தொப்பை போட்டிருக்கு."

"லேசாத்தானே?"

"பேட்டரிக்கு லேசாத் தொப்பை போட்டாலே ஆபத்து மாமா. இனிமே இதுக்கு சார்ஜ் போட்டீங்கன்னா அக்காவுக்கு வீடு இருக்காது."

அவன் ஒரு பழைய இரும்பு வாளியில் மணலைக் கொட்டி, இடுக்கியால் பேட்டரியை எடுத்து அதன்மேல் வைத்து, வாளியைக் கொல்லையில் சுவரை விட்டுத் தள்ளி வைத்தான். "குப்பையில போட்டுடாதீங்க. பழைய பேட்டரி சேகரிக்கிற இடம் இருக்கு, நான் கொண்டுபோய்க் கொடுத்துக்கறேன். இதே கம்பெனி, இதே அளவுல புதுசு ஒண்ணு சொல்லி விடறேன். திங்கக்கிழமை காலையில வந்துடும்."

"ஒம்போது மணிக்கு ஃபுல் சார்ஜோட வேணுமேடா!"

"அது அப்புறம். முதல்ல ஜாக்கெட்டு நல்லாக் காயணும். உள்ள ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பேட்டரியை மாட்டக் கூடாது. நிழல்ல படுக்க வச்சு விரிச்சு விடுங்க, தானாக் காயும். முறுக்கிப் பிழியாதீங்க, உள்ள கம்பி ஓடுது."

மச்சினன் தெருமுனையைத் தாண்டும்வரை அறிவிப்பு காத்திருந்தார்.

"அந்தப் பக்கம் பிடி" என்றார் மனைவியிடம்.

"முறுக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொல்லிட்டுப் போனான்!"

"முறுக்காம எந்தத் துணிடி காஞ்சிருக்கு? செல்போனைப் பத்தி அவன் சொன்னாக் கேட்டுக்கறேன். துணியைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். அவர் காலரை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்துத் தன்னந்தனியாக முறுக்கினார். ஒரு வாளித் தண்ணீர் வந்தது. கடைசி முறுக்கில், உள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"என்னமோ அறுந்த மாதிரி இருந்துச்சே" என்றாள் மனைவி.

"என் இடுப்பு" என்றார் அறிவிப்பு.

ஞாயிற்றுக்கிழமை வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம்வரை ஜாக்கெட் சொதசொதவென்றே இருந்தது. அறிவிப்பு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். மனைவி ஓடிவந்து ஜாக்கெட்டின் உள்தையலில் இருந்த சின்னப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. படமே போட்டிருக்கான். தொட்டியில ஒரு கை. அப்படின்னா கையாலதான் துவைக்கணும். முறுக்கின துணிக்கு மேல குறுக்குக் கோடு. இஸ்திரிப் பெட்டிக்கு மேலயும் குறுக்குக் கோடு."

"அது அந்தக் கம்பெனியோட சின்னம்."

"இஸ்திரிப் பெட்டிக்குக் குறுக்குக் கோடு போட்டு எவனாவது சின்னம் வைப்பானா?"

"என்னென்னவோ வைக்கிறாங்க. நீ தள்ளு."

ஐந்தே நொடிதான். வாடை வந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டார். ஆனால் ஜாக்கெட்டின் முதுகில், நட்டநடுவில், இஸ்திரிப் பெட்டியின் தடம் அச்சு அசலாக விழுந்திருந்தது. முனைகூடத் தெளிவாகத் தெரிந்தது. மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பதினொரு வருஷம்" என்றார் அவர், தரையில் உட்கார்ந்து. "அந்த ஆள் ஒரு ஜாக்கெட்டை நம்பிக் கொடுத்தார். அதைக்கூட என்னால ஒழுங்காத் திருப்பிக் கொடுக்க முடியலை."

மனைவிக்குப் பாவமாகிவிட்டது. "முதுகுலதானே? எதையாவது வச்சுத் தைச்சா மறைஞ்சுடும்" என்றாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

உடனே அறிவிப்புக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் பாதுகாப்பு வாரத்துக்காக அவரே வடிவமைத்து, இருநூறு அச்சடித்து, அவரைத் தவிர ஒருவரும் குத்திக்கொள்ளாமல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது மிச்சமான துணி வில்லைகள் பீரோவில் இருந்தன. உள்ளங்கை அகலம். மஞ்சள் நிறம். 'பாதுகாப்பே முதல்' என்று கொட்டை எழுத்து. நான்கை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தையல்காரரிடம் போனார்.

தையல்காரர் முதல் வில்லையை வைத்துத் தைத்ததும் ஊசி உடைந்தது. இரண்டாவதிலும் உடைந்தது.

"உள்ள கம்பி மாதிரி ஏதோ தட்டுது சார்."

"கம்பி இல்லைங்க. தரம். நல்ல துணின்னா அப்படித்தான் இருக்கும். கனமான ஊசி போடுங்க."

கனமான ஊசி போட்டார். நான்கு வில்லையும் ஏறிவிட்டன. இப்போது ஜாக்கெட்டின் முதுகு, 'பாதுகாப்பே முதல்' என்று நான்கு தடவை சொன்னது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் புது பேட்டரியோடு மச்சினன் வந்தான். ஜாக்கெட் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. பேட்டரியை மாட்டி, பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பு கும்பிட்டார். மச்சினன் முதுகைத் தொட்டான், மார்பைத் தொட்டான், காலரைத் தொட்டான்.

"எங்கயும் சூடு வரலை மாமா." கொஞ்சம் பொறுத்து, "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டான். "இடது அக்குள்ல மட்டும் கொளுத்துது!"

"அங்க மட்டும் எப்படிடா?"

"நீங்க முறுக்கினீங்களா?"

அறிவிப்பு ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.

"கம்பியெல்லாம் அறுந்து, இருக்கிற சூடு மொத்தமும் ஒரே இடத்துல சேருது. இதை யாரும் போட்டுக்கக் கூடாது மாமா. தீப்பிடிச்சாலும் பிடிக்கும்." அவன் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தான். "இதுல பத்து பர்சென்ட்தான் இருக்கு. சார்ஜ் போடறதுன்னா தனியாப் போடுங்க. ஏறி முடியறவரைக்கும் பக்கத்துலயே ஆள் இருக்கணும், மெத்தை மேல வைக்காதீங்க. நூறு வந்ததும் எடுத்துடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அறிவிப்பு சொன்னதைச் சொன்னபடி செய்தார். பேட்டரியைக் கல் தரையில் வைத்து, சார்ஜரில் மாட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு காகிதத்தில், 'இதை அணிய வேண்டாம்' என்று எழுதி ஜாக்கெட்டின் மார்பில் குத்தினார். நாற்பத்து நான்காவது அறிவிப்பு. மனசாட்சிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கெட்டுப்போனது எப்படி என்று தந்தி கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.

ஒன்பதேகாலுக்கு போன் அடித்தது. தந்தி.

"சார்ஜ்?"

"ஏறிட்டே இருக்கு சார். அறுபது வந்துடுச்சு."

"அறுபதா?"

"நூறு ஆகாம எடுக்கக் கூடாதாம் சார்."

"யாரு?"

"மச்சினன்தான் சார் சொன்னான்."

"மச்சினனா?" இத்தனை கேள்விகளைத் தந்தி ஒரே நாளில் கேட்டதே கிடையாது. "தலைமை அலுவலகம். வந்தாச்சு. நீ எங்க?"

"வீட்டுலதான் சார். பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். நகரவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் சார். அவசரப்பட்டா சூடாயிடும்."

மறுமுனையில் யாரோ அதிகாரமான குரலில் ஏதோ கேட்டார்கள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அறிவிப்புக்கு நன்றாகத் தெரியும்.

"சிரிப்பு. இங்க" என்றார் தந்தி. "அவர் எடுத்துக்கட்டுமா?"

அறிவிப்பின் மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது. சிரிப்பு வந்து வாங்கிக்கொள்ளட்டும்! ஜாக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தானே பழியும் விழும்? முதுகு ஏன் இப்படி, அக்குள் ஏன் இப்படி என்றெல்லாம் சிரிப்பைத்தானே கேட்பார்கள்? தந்தியைப் பார்த்து அவர் எப்படிச் சிரிக்கிறார் என்று அப்போது பார்க்கலாம்.

"தாராளமா எடுத்துக்கட்டும் சார்! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இனிமே எதுவானாலும் அவர் பொறுப்பு."

"நிச்சயமா?"

"எழுதியே கொடுத்துடறேன் சார்!"

எழுதுவதென்றால் அவருக்குக் கேட்கவேண்டுமா? தந்தியின் போனுக்கு உடனே அனுப்பினார்: 'மேற்படி சார்ஜை அவரே எடுத்துக்கொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என இதன்மூலம் அறிவிக்கிறேன்.' கீழே முழுப் பெயர், தேதி.

சிரிப்பு வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. பத்தரைக்கு பேட்டரியில் நூறு வந்தது. சொன்னபடி உடனே எடுத்தார். ஜாக்கெட்டை ஒரு பையிலும் பேட்டரியை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு கிடங்குக்கு விரைந்தார்.

கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்தே இருந்தார். எதிரே கண்ணாடி அறையில் ஏகக் கூட்டம். கை தட்டினார்கள். கூட்டம் விலகியபோது நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் சிரிப்பு இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்பு இரண்டு பைகளையும் வாட்ச்மேனின் மேஜைமேல் வைத்தார்.

"தந்தி சார் எங்கங்க?"

"பத்து மணிக்கே கிளம்பிட்டார் சார். ரயிலுக்கு நேரமாச்சுன்னு."

"அப்போ நாற்காலி... அவருக்கா?" என்றார். "பதினொரு வருஷம் உழைச்சேங்க. மூணு நாளாச் சாப்பாடு தூக்கமில்லாம இந்த ஜாக்கெட்டோட அல்லாடினேன். சார்ஜ்கூட நூறு ஏத்திட்டேன். இந்தாங்க, புது மேனேஜர்கிட்டயே கொடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை இதுக்கு சல்யூட் வச்சீங்களே, இன்னைக்கு இதுவும் கசந்துடுச்சா?"

வாட்ச்மேன் பையைப் பிரித்தார். மஞ்சள் வில்லைகளைப் பார்த்தார். மார்பில் இருந்த அறிவிப்பையும், கிடங்கிலேயே முதல் ஆளாக, முழுக்கப் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, இரக்கத்தோடு சொன்னார்:

"நான் சல்யூட் வச்சது ஜாக்கெட்டுக்கு இல்ல சார், உங்களுக்கு, இங்க யார் மேனேஜரா சார்ஜ் எடுத்துக்கப் போறாங்களோ அவங்க கையிலதான் இதைக் கொடுப்பாங்க, நீங்க என்னடான்னா 'அந்த சார்ஜை அவரே எடுத்துக்கட்டும்'னு எழுதியே அனுப்பிட்டீங்களாமே!"